வேனுக்குள் வைஃபை... கடலூர் டு சிதம்பரம்!

கேரவன் என்றதும் நமக்கு சினிமா ஷூட்டிங்தான் நினைவுக்கு வரும். கேரளா 2021-ல் இதற்கென்றே ஒரு சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. நம்மூர்க் குடும்பங்களுக்கு கேரவன் என்றால் வாடகைக்குப் பிடிக்கிற டெம்போ டிராவலர்தான். தாத்தா பாட்டி முதல் பேரன் பேத்தி வரை எல்லோரும் ஏறி உட்கார்ந்ததும் வருகிற முதல் கேள்வி, ‘வைஃபை இருக்கா?’

கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கி.மீ. அங்கிருந்து பிச்சாவரம் சுமார் 15 கி.மீ. கிளம்பும் முன் ஒரு விஷயம் புரிந்தால் போதும்: வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு. சிம் போட்ட ரவுட்டர்தான் வேனில் உள்ள போன்களையும் டி.வி-யையும் ஒன்றோடொன்று இணைக்கிறது. வெளியே டவர் கிடைக்காவிட்டாலும் இந்த உள் இணைப்பு அறுந்துபோகாது. யு.எஸ்.பி வசதியுள்ள ரவுட்டரில் பென் டிரைவைச் செருகினால், அதிலுள்ள பாட்டையும் வீட்டுக் கல்யாண வீடியோவையும் டேட்டா செலவில்லாமல் எல்லோரும் பார்க்கலாம்.

இது ஏன் முக்கியம்? ஹெச்.டி படம் ஒரு மணி நேரம் ஓடினால் 3 ஜி.பி வரை போய்விடும். தினம் 2 ஜி.பி பேக் என்றால், சிதம்பரம் வருவதற்குள் காலி! பிறகு மேப் திறக்காது. டீக்கடையில் பணம் அனுப்பப் போனால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். எனவே டேட்டாவை வழிக்கும், பணத்துக்கும், அவசர அழைப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டியவற்றை முந்தின நாளே அந்தந்தச் செயலியில் டவுன்லோடு செய்துவிடுங்கள். மேப்பையும்தான்.

எதையெல்லாம் ஏற்றலாம்? கல்லோடு கட்டிக் கடலில் வீசப்பட்ட அப்பர், மிதந்து கரையேறிய கதை திருப்பாதிரிப்புலியூருக்கு உரியது. பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போகும் வழியில் தேவாரம் ஒலிக்கட்டும். சுரபுன்னைக் காட்டில் படகேறும் முன், பிச்சாவரத்தில் படமான எம்.ஜி.ஆரின் ‘இதயக்கனி’யைக் காட்டுங்கள். 108 கரணங்கள் பற்றிய நாட்டிய வீடியோவைப் பார்த்த குழந்தைகள், சிதம்பரம் கோபுர வாசல்களில் அதே சிற்பங்களைத் தாங்களாகவே தேடுவார்கள்.

சில எச்சரிக்கைகள்: வேனின் இரும்புக் கூரை சிக்னலைத் தடுக்கும், ரவுட்டரை ஜன்னலோரம் வையுங்கள். பேட்டரியிலிருந்து நேரடியாக ஒயர் இழுக்க வேண்டாம். வண்டி ஓடும்போது மின்னழுத்தம் 14 வோல்ட்டைத் தொடும். 12 வோல்ட் சீராகத் தரும் கன்வெர்ட்டர் அவசியம். சில்வர் பீச்சில் வேனை வெயிலில் பூட்டிவிட்டுப் போகும்போது, பேட்டரி உள்ள ஹாட்ஸ்பாட்டை உள்ளே விடாதீர்கள், சூட்டில் உப்பிவிடும். டி.வி ஓட்டுநரின் கண்ணில் படக் கூடாது.

ஒரு சின்ன எஃப்.எம் ரேடியோவும் இருக்கட்டும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரை கடந்தபோது, இந்த மாவட்டத்தில் மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. மழைக்காலப் பயணத்தில் டவரை மட்டுமே நம்பியிருக்க முடியாது.

சிதம்பரம் ஆகாயத் தலம். கோயில் வாசலில் வேன் நின்றதும் ரவுட்டரை அணைத்துவிடுங்கள். பேட்டரியும் மிச்சம், பிள்ளைகளின் பார்வையும் கோபுரத்தின் பக்கம் திரும்பும்.