கைப்பக்குவம்

சுய உதவிக் குழுவுக்குத் தொழில் பயிற்சி என்றால் அதிகாரிகளுக்கு முதலில் ஞாபகம் வருவது ஊறுகாய்தான். அடுத்தது அப்பளம், மசாலாப் பொடி. 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தர்மபுரியில் தொடங்கி, 1997-98இல் மகளிர் திட்டமாகத் தமிழ்நாடு முழுக்கப் பரவிய வேலை இது. பன்னிரண்டிலிருந்து இருபது பெண்கள், சேமிப்பு, உள்கடன், பிறகு வங்கிக் கடன். கணக்கெல்லாம் சரி. சேரிப் பெண் போட்ட ஊறுகாயை யார் வாங்குவார்கள் என்று நான் போன எந்தப் பயிற்சியிலும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

திண்டிவனம் பக்கம் ஒரு காலனியில் எங்கள் குழு வங்கிக் கடன் வாங்கி இட்லிக்கடை போட்டது. ஊருக்கும் காலனிக்கும் நடுவே, பஸ் நிற்கிற இடம். ஊர்த்தெரு ஆட்கள் சண்டை போடவில்லை, திட்டவில்லை. காலை ஆறு மணிக்கே "இப்பதான் சாப்ட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நம்ம சனங்க வந்தாங்க, கடன் சொல்லிச் சாப்பிட்டாங்க. சூளையில் கூலி சனிக்கிழமைதானே. மூன்றே மாதத்தில் கடையை மூடினோம். தவணை மூடவில்லை. தலைவி அக்கா காதுத்தோட்டை அடகு வைத்துக் கட்டினார். 'தொழில் முனைப்பு இல்லை' என்று பார்க்க வந்த அதிகாரி எழுதிக்கொண்டு போனார்.

எம்.ஏ. பரீட்சையில் தமிழர் விருந்தோம்பல் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவள் நான்.

அக்காதான் வழி சொன்னார். "வாயில போடறது எதுவும் வேணாம்மா. கழுவி ஊத்தறதா பாத்து செய்வோம்." பினாயில் காய்ச்சினோம், சோப்புப் பொடி கலந்தோம். விற்றது. ஊர்த்தெருக் கக்கூசு வரைக்கும் எங்கள் பினாயில் போனது, நாங்கள் திண்ணைக்கு வெளியே நின்றோம். பக்கத்துக் காலனியில் மாடு வாங்கிய பெண்களும் பிழைத்துக்கொண்டார்கள். சொசைட்டி கேனில் ஊற்றிவிட்டால் யார் வீட்டுப் பால் என்று யாருக்குத் தெரியும்?

பழைய கதை என்று நினைக்கவேண்டாம். 2018இல் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊரே திரண்டது. 2022 செப்டம்பரில் வந்த காலை உணவுத் திட்டத்தில் சமைப்பவர்கள் குழுப் பெண்கள்தான். மறு வருடமே கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரில் தலித் பெண் சமைத்ததைப் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று பெற்றோர் சிலர் தடுத்தார்கள். ஆட்சியரே நேரில் போய் எச்சரிக்க வேண்டியிருந்தது. எங்கள் இட்லிக்கடைக்கு எந்த ஆட்சியர் வருவார்?

இப்போது தாலுகா ஆபீஸ் வாசலில் இடம் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். மறுபடியும் இட்லிதான். பலகையில் காலனிப் பெயரைப் போட்டே தீரவேண்டும் என்கிறார் அக்கா. "பேரப் பாத்தா எவனும் வரமாட்டான், தவணைய யாரு கட்டறது?" என்று சின்னப் பெண்கள் மல்லுக்கு நிற்கிறார்கள். வியாழக்கிழமைக் கூட்டத்தில் இந்தச் சண்டை மறுபடி வரும்.