கந்தோர் மேசை

போதும் என்றவருக்கு மேலும் ஓர் அகப்பை சோறிடுவதே உபசாரம் என்று பழகியவர்கள் நாம். அவ்வுபசாரம் ஒருவரை வருத்தவும் கூடும் என்பதைப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்த காலத்திலே, கொழும்புக் கந்தோர் ஒன்றில் மூன்று மாதம் தற்காலிக எழுதுவினைஞராகக் கடமையாற்றியபோது அறிந்துகொண்டேன்.

தந்தையாரின் தங்கையான என் மாமியும் அக்கந்தோரிலேயே பணிபுரிந்தார். பல ஆண்டுகளாக உடற்பருமனாலும் நீரிழிவாலும் துன்புற்ற அவர், நான் அங்கு சேர்வதற்குச் சில மாதங்களின் முன்னர் இரைப்பைக் குறைப்புச் சத்திரசிகிச்சை செய்துகொண்டிருந்தார். இச்சிகிச்சையில் இரைப்பையின் ஏறத்தாழ முக்காற் பங்கு அகற்றப்படும். வாழைப்பழம் போன்ற ஒடுங்கிய குழாயொன்றே எஞ்சும். பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஓமோனைப் பெரிதும் சுரக்கும் பகுதியும் நீங்குவதால் தொடக்கத்திலே பசியும் தணியும். ஆயினும் அதன்பின் கடைப்பிடிக்க வேண்டியவை பல. சிறிது சிறிதாக நன்கு மென்று உண்ணல், புரத உணவை முதலில் உண்ணல், உணவோடு நீரருந்தாது ஏறத்தாழ 30 நிமிடம் பொறுத்திருத்தல், விற்றமின் மாத்திரைகளை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ளல் என்பன அவற்றுட் சில. பழைய பழக்கங்கள் திரும்பின் குறைந்த நிறையும் திரும்பக்கூடும்.

வீட்டிலே இவற்றைக் கைக்கொள்வது மாமிக்கு எளிதாயிருந்தது. கந்தோரிலோ பத்து மணிக்குச் சீனி மிகுந்த பால்தேநீரும் ரோல்ஸும் பற்றீஸும் வரும், பிறந்தநாளென்றால் கேக், பதவியுயர்வென்றாலும் கேக். மறுப்பவர் அன்பையே மறுப்பவராகக் கருதப்பட்டார். ஆதலால் மாமி தமது உணவுப் பெட்டியுடன் கோப்பறைக்குட் சென்று தனியே உண்ணத் தொடங்கினார்.

எனது முதற் சம்பள நாளன்று நானும் கேக் வாங்கிச் சென்றேன். "ஒரு துண்டுதானே மாமி, எனக்காக" என்றேன். எல்லோரும் பார்த்திருக்க அவர் உண்டார். சிறிது நேரத்தில் நெஞ்சு படபடக்க, உடல் வியர்க்க, மேசைமீது தலைசாய்த்தார். இனிப்பு விரைந்து குடலை அடைவதால் நேரும் விளைவு அது என்று பின்னரே அறிந்தேன். அவர் என்னை ஏசவில்லை. "உன்ர மனம் நோகக்கூடாதெண்டுதான் பிள்ளை சாப்பிட்டனான்" என்று மட்டும் சொன்னார். அச்சொல் இன்றும் என்னைச் சுடுகின்றது.

மறுநாள், கந்தோரின் மூத்த உதவியாளர் ஒருவர் எவரிடமும் எதுவும் கூறாமல் சீனியைத் தனிக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தார். வேண்டியவர் இட்டுக்கொள்ளலாம். மாற்றம் அதிலிருந்தே தொடங்கியது. ரோல்ஸின் அருகே அவித்த கடலையும் கொய்யாவும் இடம்பெறலாயின. மாலையிலே சிலர் காலிமுகத்திடலில் சற்றுத் தூரம் நடந்த பின்னரே பஸ் ஏறினர். மாமியும் கோப்பறையை விட்டு மேசைக்குத் திரும்பினார்.

ஆயினும், "அக்கா, இது நீங்கள் சாப்பிடலாமோ?" என்று அவரது தட்டைக் கண்காணிக்கும் நல்லுள்ளங்களும் தோன்றின. "எனக்கு ஒரு டொக்டர் காணும்" என்று மாமி சிரித்தவாறே கூறுவார். வற்புறுத்தலைப் போலவே கண்காணிப்பும் அவரைத் தனிமைப்படுத்தியது என்பதை அச்சிரிப்பினூடே கண்டேன்.

கந்தோரை விட்டு நீங்கிய நாளன்று அவித்த கடலையும் பப்பாசிப்பழமும் கொண்டு சென்று மேசையில் வைத்தேன். எவரையும் எடுக்குமாறு வேண்டவில்லை. சிறிது நேரத்தின் பின் மாமி தாமாகவே வந்து ஒரு கரண்டி கடலை எடுத்துக்கொண்டு என் அருகே அமர்ந்தார்.