வாசலில் நிற்கப்போகும் உனக்கு

மன்னார்குடி,
புரட்டாசி மாதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். குறுவை அறுத்தாயிற்று. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பினார்கள். ரோட்டில் கொட்டிக் காயவைத்து மறுபடி கொண்டுபோய்ப் போட்டோம். இப்போது சம்பாவுக்கு நாற்று விட்டிருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் வருகிறது.

உனக்குக் கடலோர விடுதியில் வேலை கிடைத்த சேதியை உன் அம்மா சொன்னதும் உன் அத்தை பாயசம் வைத்துவிட்டாள். துவாக்குடியில் நீ ஓட்டல் மேனேஜ்மென்ட் சேர்ந்தபோது, "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு ஓட்டல் வேலை" என்று நம் சொந்தத்தில் எத்தனை பேர் பேசினார்கள்! வருகிறவரை உட்காரவைத்து, பசியாற்றி, நிம்மதியாகத் தூங்கவைத்து அனுப்புவது சின்ன வேலையா? எனக்கு அதைவிடப் பெரிய வேலை தெரியாது. வரவேற்பு மேஜையில் நிற்கப்போகிறாய் என்று கேட்டதிலிருந்து உனக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்று இருந்தேன். போனில் சொன்னால் பாதியில் நிற்கும். அதனால் எழுதுகிறேன்.

திருக்கடையூரில் என் அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு உன் அத்தான் எங்களைச் சென்னைக்கு அழைத்துப் போனான் அல்லவா? போகிற வழியில் கடலோரத்தில் ஓர் உயர்தர விடுதியில் அறை எடுத்திருந்தான். விடுதியின் பெயர் வேண்டாம். அங்கே ஒரு ராத்திரி வாடகை, நம் ஊரில் ஒரு மா நிலத்துக் குறுவையில் கையில் மிஞ்சுகிற காசைவிட அதிகம். அப்பா அம்மா கடலைப் பார்த்தபடி எழுந்திருக்கட்டும் என்று பிள்ளை ஆசைப்பட்டுச் செலவழித்தான்.

இரண்டு மணிக்கு அறை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். நாலு மணி தாண்டியும் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தோம். உன் அத்தையின் முழங்கால் வலி உனக்குத் தெரியும். கொஞ்சம் கால் நீட்ட இடம் கேட்டால், "இப்ப ரெடியாகிடும்" என்ற ஒரே பதில். அறைக்குப் போனபின் வெந்நீர் கேட்டுப் போன் செய்தோம்; யாரும் எடுக்கவில்லை. நான் தமிழில் கேட்ட கேள்விக்கெல்லாம் தமிழ் தெரிந்த பிள்ளைகளே ஆங்கிலத்தில் பதில் சொன்னார்கள். இதை எல்லாம் மறந்துவிடலாம். ஆள் பற்றாக்குறையாக இருந்திருக்கும். ராத்திரி நடந்ததைத்தான் மறக்க முடியவில்லை.

சாப்பிடக் கீழே இறங்கினோம். திருக்கடையூரில் கட்டிய கரை வேட்டி, வெள்ளைச் சட்டை, காலில் தோல் செருப்பு. உன் அத்தை திருபுவனம் பட்டுப் புடவையில் இருந்தாள். சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் இருந்த பையன் கையை நீட்டி மறித்தான். "சார், வேட்டிக்கு அனுமதி இல்லை. பேண்ட், ஷூ போட்டுட்டு வாங்க." அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அரைக்கால் சட்டையில் இரண்டு பேர் எங்களைத் தாண்டி உள்ளே போனார்கள். அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை, கடலோரத்துக்கு ஏற்ற உடைதான் அது. என் வேட்டியில் என்ன குறை என்று கேட்டேன். "பாலிசி சார்" என்றான். அத்தான் குரலை உயர்த்தியதும் மேனேஜர் வந்தார். "ரூமுக்கே சாப்பாடு அனுப்பறோம் சார், காசு வேண்டாம்" என்றார். காசு வாங்காமல் போடுகிறேன், ஆனால் நாலு பேர் கண்ணில் படாமல் சாப்பிடு என்று சொல்வது மரியாதை இல்லை பாப்பா. நாங்கள் வெளியே போய் ரோட்டோர மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தோம்.

இப்படி நிறுத்தக்கூடாது என்று நம் மாநிலத்தில் சட்டமே இருக்கிறது. உன் பாடத்தில் வந்ததா தெரியவில்லை. 2014 ஜூலை 11ஆம் தேதி சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு புத்தக வெளியீடு. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமன் வேட்டி கட்டி வந்திருந்தார். உள்ளே விடவில்லை. வேட்டியில் வந்த மூத்த வழக்கறிஞர் ஆர். காந்தியையும் விடவில்லை. சட்டமன்றத்தில் எல்லாக் கட்சிகளும் கொதித்தன. ஆகஸ்டிலேயே ஜெயலலிதா அரசு சட்டம் கொண்டுவந்தது. மன்றமோ, சங்கமோ, அறக்கட்டளையோ, கம்பெனியோ, பொதுமக்கள் வந்துபோகிற இடத்தில் வேட்டியோ வேறு இந்தியப் பாரம்பரிய உடையோ அணிந்து வந்தவரைத் தடுக்கக்கூடாது. மீறினால் உரிமம் ரத்தாகும். பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். விதிப்புத்தகம் எழுதுகிறவர்கள் முதலில் படிக்க வேண்டிய சட்டம் இது.

இது நம் மாநிலத்தில் மட்டும் நடப்பதில்லை. 1988இல் மும்பை வில்லிங்டன் கிளப்பில் ஓவியர் எம்.எஃப். உசேனைச் செருப்பில்லாமல் வந்தார் என்று திருப்பி அனுப்பினார்கள். 2021இல் டெல்லி உணவகம் ஒன்றில் புடவை கட்டி வந்த பெண்ணை நிறுத்தியது பெரிய பேச்சானது. 1931இல் காந்தியடிகள் இடுப்புத் துணியோடு லண்டன் அரண்மனைக்குப் போய் அரசரையே பார்த்துவிட்டு வந்தார். அங்கே திறந்த கதவு இங்கே நம்மவர் நடத்தும் இடங்களில் மூடிக்கொள்கிறது.

ஆனால் என் கோபம் கிளப் வாசலில் நிறுத்தப்பட்ட நீதிபதியின் கோபத்தோடு முடியவில்லை. எனக்கு வேட்டி என்றால் உன் தாத்தா.

தாத்தா சின்னப் பையனாக இருந்தபோது இந்தப் பக்கத்துப் பண்ணையில் மாடு மேய்த்தவர். அவருடைய அப்பா பண்ணையாள். தோளில் துண்டு போடக்கூடாது, இடுப்பில்தான் கட்ட வேண்டும். வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது. ஆண்டை வீட்டுத் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது. மீறினால் சவுக்கடி, சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பால். கீழத்தஞ்சையில் இது ஊரறிந்த வழக்கமாக இருந்தது. கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் கர்நாடகப் பக்கத்திலிருந்து வந்து, குடிசை குடிசையாகத் தங்கி, "அடித்தால் திருப்பி அடி" என்று சொல்லிக்கொடுத்தார். பண்ணையாட்கள் சங்கம் கட்டினார்கள். 1944இல் நம் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில்தான் சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்று எழுத்தில் வந்தது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் 1968 டிசம்பர் 25இல் கீழவெண்மணியில் கூலிப் போராட்டத்துக்காக 44 உயிர்கள் எரிந்தன.

தாத்தா கடைசிவரை வெளியில் போகும்போதெல்லாம் கணுக்கால் தொட வெள்ளை வேட்டி கட்டி, தோளில் துண்டு போட்டு, செருப்புச் சத்தம் கேட்கத் தெருவில் நடப்பார். பக்கத்துக் கடைக்குப் போனாலும் அப்படித்தான். மற்றவர்களுக்கு வேட்டி பண்பாடாக இருக்கலாம். நம் வீட்டில் அது போராடி வாங்கிய உரிமை. அதைக் கட்டியதற்காகவே ஒரு வாசலில் என்னை நிறுத்தி, உனக்குச் சாப்பாடு வேறிடத்தில் என்று சொன்னபோது, தாத்தா கொல்லைப்புறத்தில் கஞ்சி வாங்கிக் குடித்த கதைதான் ஞாபகம் வந்தது. ஆளின் இடம் இது என்று உடையைக் காட்டிச் சொல்லும் விதி, பண்ணையில் இருந்தாலும் பளிங்குத் தரையில் இருந்தாலும் ஒன்றேதான்.

விதியே வேண்டாம் என்று சொல்லவில்லை. மறுநாள் காலையில் உன் அத்தை நீச்சல் குளத்தில் இறங்கப் பார்த்தாள். புடவையோடு இறங்கக்கூடாது என்று ஒரு பெண் ஓடி வந்து தடுத்தாள். காரணமும் சொன்னாள்: பருத்தி நூல் பிரிந்து வடிகட்டியில் அடைக்கும், நனைந்த புடவை காலைச் சுற்றினால் ஆபத்து. சொன்னது சரி, உடனே ஏற்றுக்கொண்டோம். நெல் அடிக்கிற களத்தில் செருப்போடு ஏறக்கூடாது என்று நாமும்தானே சொல்கிறோம்? ஆண்டையானாலும் ஆளானாலும் களத்துக்கு ஒரே விதி. அந்தப் பெண் ஒரு நாற்காலி போட்டு, அத்தையைக் குளத்தோரம் உட்காரவைத்து, காலை மட்டும் தண்ணீரில் விடச் சொன்னாள். அந்த விடுதியில் அத்தை சிரித்தது அந்த ஒரு வேளைதான். ஒரு குறை, அந்த விதியை ஆங்கிலத்தில் மட்டும் எழுதிக் குளத்தோரம் மாட்டியிருந்தார்கள். முன்பே தமிழில் சொல்லியிருந்தால் அவள் நாலு பேர் முன்னால் கூச்சப்பட நேர்ந்திருக்காது.

காரணம் இருக்கிற விதி, காரணம் இல்லாத விதி. இந்த இரண்டையும் நீ பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

விருந்தினரைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று வெளியூரில் போய்க் கற்க வேண்டியதில்லை பாப்பா. ஒரத்தநாட்டில் முத்தம்பாள் சத்திரம், நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம் என்று ராமேஸ்வரம் போகிற வழியெல்லாம் தஞ்சை மராட்டிய மன்னர்கள் சத்திரம் கட்டி வைத்தார்கள். இத்தகைய சத்திரங்களைக் காப்பாற்றக் கேட்டு இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் அங்கே நடந்ததையெல்லாம் சொல்கிறார். எந்தச் சாதி வழிப்போக்கர் வந்தாலும் சோறு. சமைத்ததை வாங்காதவர்களுக்கு அரிசியும் சாமானும். நோயாளிக்கு வைத்தியர், பிள்ளை பெற வந்தவளுக்குக் கவனிப்பு. நடுராத்திரியில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரச் சொல்லிக் கூப்பிடுவார்களாம். அந்தக் காலத்துச் சாதி முறை சத்திர வாசலோடு நின்றுவிடவில்லை. அது எனக்குத் தெரியும். இருந்தாலும் பசித்தவர் யாரும் விடுபட்டுவிடக்கூடாது என்று தேடி மணி அடித்தவர்கள் இந்த மண்ணில்தான் இருந்தார்கள். உன் வேலைக்கு அவர்கள்தான் முன்னோர்.

வாசலில் நின்ற பையன் மேல் எனக்குக் கோபமில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். அவன் பேச்சில் வேதாரண்யம் பக்கம் தெரிந்தது. விதியை எழுதியவர் எங்கோ ஏ.சி. அறையில் இருக்க, எங்கள் வருத்தத்தையும் அத்தானின் கோபத்தையும் நேரில் வாங்கியவன் அவன். நாளைக்கு அவன் நின்ற இடத்தில் நீ நிற்பாய்.

அதனால் சொல்கிறேன். அறை பதிவு செய்யும்போதே விதியைச் சொல்லிவிடு, பணம் கட்டியபின் வாசலில் சொல்லாதே. தமிழில் கேட்டவருக்குத் தமிழில் பதில் சொல். அறை தாமதமானால் எவ்வளவு நேரம் ஆகும் என்று உண்மையைச் சொல்லி, வயசானவர்களுக்கு முதலில் கால் நீட்ட ஓர் இடம் கொடு. தவறு நடந்தால் நீயே நேரில் போய் நில். இலவசச் சாப்பாடு மன்னிப்புக்கு ஈடாகாது. காலில் இருக்கும் செருப்பைப் பார்க்குமுன் முகத்தைப் பார். எந்த விதிக்கும் "ஏன்" என்று மேலிடத்தில் கேள். குளத்துப் பெண்ணைப்போல் ஒரு வரியில் காரணம் சொல்ல முடிந்தால் அந்த விதியைப் பணிவாக நடத்து. பதில் "பாலிசி" என்று மட்டும் வந்தால், 2014 சட்டத்தின் நகலை எடுத்து மேனேஜர் மேஜையில் வை. புதிதாகச் சேர்ந்தவள் எப்படிக் கேட்பது என்று பயப்படாதே. மரியாதையாகக் கேட்ட கேள்விக்காக வேலை போனால், நம் வீட்டில் உனக்குச் சோறு இருக்கிறது. வேறு வேலையும் கிடைக்கும்.

நீ வேலை செய்கிற வாசலில் வேட்டிக்காகவோ புடவைக்காகவோ தேய்ந்த செருப்புக்காகவோ ஒருவர்கூடத் திரும்பிப் போகக்கூடாது. மாமா உன்னிடம் கேட்பது இது ஒன்றுதான்.

பொங்கலுக்கு லீவு கிடைத்தால் வந்துவிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
மாமா