மூன்று பில்

2025 பெப்ரவரி 9, ஞாயிறு

பதினொன்றரை மணியளவில் கறண்ட் போனது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கல்லடியில் வாவிக்கரைச் சாப்பாட்டுக் கடைக்கு இதைவிடக் கெட்ட நேரம் இல்லை. மேசையெல்லாம் ஆள், அடுப்பில் இறால். வழமையாக யூ.பீ.எஸ். கீச்சிட்டுக் கத்தும்; அதற்குள் கொம்பியூட்டரை ஒழுங்காக நிறுத்திவிடுவேன். இன்று அது மூச்சே விடவில்லை. திரை கறுத்ததுதான். 2022 இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை வெட்டினார்களே, அப்போது வற்றி வற்றிக் கெட்ட பற்றரி. மாற்ற வேண்டும் என்று அத்தானிடம் மூன்று தரம் சொன்னவனும் நான்தான், பிறகு மறந்தவனும் நான்தான்.

நாடு முழுக்கவே கறண்ட் இல்லையாம். பாணந்துறைப் பக்கம் உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று ஏறிய வேலை என்று அமைச்சரே சொன்னார். "நம்மட பில்லையும் குரங்கு திண்டிட்டா?" என்று சமையல் அக்கா கேட்க எல்லாரும் சிரித்தார்கள். மத்தியான வியாபாரத்தை நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதி ஓட்டினோம். பின்னேரம் கறண்ட் வந்தது, கொம்பியூட்டரும் எழும்பியது. பில் போடும் மென்பொருள் மட்டும் தரவுத்தளத்தைத் திறக்க முடியவில்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நின்றது.

பெப்ரவரி 10, திங்கள்

மென்பொருள் விற்றவர்களுக்கு எடுத்தேன். "அழிச்சிட்டுத் திரும்பப் போடுங்க, அஞ்சு நிமிஷ வேலை." அந்த ஐந்து நிமிடத்தைச் செய்திருந்தால் இந்தக் குறிப்பை இத்தோடு முடித்திருப்பேன்.

இரவில் தானாக எடுக்க வேண்டிய பிரதி, டிஸ்க் நிறைந்ததால் ஜனவரியிலேயே நின்றிருக்கிறது. ஒருவரும் கவனிக்கவில்லை. பென்ட்ரைவில் இருப்பது ஜனவரி 31 வரை. ஒன்பது நாள் விற்பனையைக் காணோம். கடைக் கணக்கை எப்படியாவது சமாளிக்கலாம். பில்லில் போடும் பத்து வீத சேவைக் கட்டணத்தை மாத முடிவில் பொடியன்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறோம். எதில் பத்து வீதம் என்று இனிச் சொல்வது?

வந்தாறுமூலையில் படிக்கும் மருமகன் வந்தான். "மாமா, அதில புதுசா ஒண்டும் போடாதீங்க. பழசுக்கு மேலதான் எழுதும்." டிஸ்க்கைக் கழற்றி, இருந்தது இருந்தபடி இன்னொன்றில் நகல் எடுத்தான். கைவைப்பதெல்லாம் நகலில்தான். நுரைச்சோலை மின் நிலையம் நின்றுபோனதால் இன்று ஒன்றரை மணி நேர வெட்டு. அதற்கு முன் நகல் முடியுமா என்று அவன் மடிக்கணினியை நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெப்ரவரி 11, தைப்பூசம்

தரவுத்தளத்தைப் பழுதுபார்க்கும் கட்டளையின் பெயரிலேயே 'அலவ் டேட்டா லாஸ்' என்று வருகிறது. போனால் போகட்டும் என்று நாமே எழுதிக் கொடுத்தால்தான் அது வேலையைத் தொடங்கும். தரவுகள் எட்டு கிலோபைட் பக்கங்களாக இருக்குமாம். உடைந்த பக்கத்தை அது ஒட்டுப்போடாது. அதில் இருந்த பில்களோடு சேர்த்துத் தூக்கி எறிந்துவிடும். மற்றதெல்லாம் வந்தது. பில் இலக்கங்கள் வரிசையாக இருப்பதால் எங்கெங்கே ஓட்டை என்று எண்ணிவிட முடிந்தது: சனி இரவும் ஞாயிறு காலையுமாக 43.

காட் மெஷினின் கணக்கில் தொகையும் நேரமும் இருந்தன. அதில் 11 பில் சரிவந்தது. அடுத்து, சமையற்கட்டில் அடுப்புக்கு மேலே கம்பியில் குத்தியிருக்கும் ஓடர் சிட்டைகள். அந்தத் தாளுக்கு மை கிடையாது, சூடுதான் எழுத்து. அடுப்பும் சூடுதானே, அதுவும் தன் பங்குக்கு எழுதியிருந்தது. அடியில் இருந்தவை முழுக்கக் கறுப்பு. மேலே இருந்தவற்றில் எண்ணெய் பட்ட இடமெல்லாம் எழுத்து வெளிறிக் கிடந்தது. அக்கா ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தா. "இது ரெண்டு கொத்து மனே. உறைப்பு வேணாமெண்டு ஒரு தாய் ரெண்டு தரம் வந்து சொல்லிட்டுப் போச்சே, அது." இலக்கத்தைப் பார்த்தேன், சரிதான். இப்படி 19.

பெப்ரவரி 12, போயா

இன்று வெட்டு இல்லை. பௌர்ணமி என்பதால் சாப்பிட்டு முடித்த வெளியூர்க்காரர் வாவியில் மீன் பாடுவதைக் கேட்கக் கல்லடிப் பாலத்துக்குப் போகிறார்கள். கல்லடியிலேயே பிறந்து வளர்ந்த நான் இதுவரை கேட்டதில்லை.

மிச்சம் 13. மேசை துடைக்கும் தம்பி பத்து மணிக்கு மேல், ஆட்கள் போன பிறகு, ஒரு சீ.ஆர். கொப்பியைக் கொண்டுவந்து கவுன்டரில் வைத்தான். திகதி, மேசை, பில் தொகை. ஒவ்வோர் இரவும், இரண்டு வருடமாக.

"ஏன்டா இது?"

"சும்மா அண்ணே."

சும்மா இல்லை. சேவைக் கட்டணத்தில் நான் பிழை விடுகிறேனா என்று பார்க்க. அதிலிருந்து 10 பில் கிடைத்தது. அவன் போன பிறகு பழைய மாதங்களையும் ஒத்துப் பார்த்தேன். டிசம்பரில் நான் 640 ரூபாய் குறைத்துப் பிரித்திருக்கிறேன். அந்தப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டிருந்தான். என்னிடம் கேட்கவில்லை.

பெப்ரவரி 15, சனி

யூ.பீ.எஸ்.ஸுக்குப் புதுப் பற்றரி. பிரதி இனி இணையத்துக்கும் போகும்படி மருமகன் செய்துவிட்டான். தெரியாத மூன்று பில்லுக்கும் கணக்கில் கோடு போட்டு வெறுமையாக விட்டிருக்கிறேன். ஒரு தொகையைப் போட்டு நிரப்பச் சொன்னார் அத்தான். நான் மாட்டேன் என்றேன். 640 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். தம்பி வாங்கிச் சட்டைப்பையில் வைத்தான்.

"அந்தக் கொப்பிய இஞ்ச லாச்சிக்குள்ள வைப்பமா?"

"அது ஏலா அண்ணே. வேணுமெண்டா போட்டோ எடுங்க."

எடுத்தேன்.