மடவார் வளாகத்தில் ஒரு சூட்டுக் கணக்கு

ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறவர்கள் ஆண்டாளைச் சேவித்து, பால்கோவாவைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். கொஞ்சம் தள்ளி மடவார் வளாகத்துக்கு வந்தால் வைத்தியநாத சுவாமி இருக்கிறார். திருமலை நாயக்கரின் வயிற்றுவலியைத் தீர்த்தவர் என்பார்கள். அங்கேதான் என் மைத்துனன் ஜாகை. அவனுக்கு வந்திருப்பது வேறு வியாதி. டி-ஷர்ட்டில் படம் அச்சடிக்கும் ஆசை!

பி.காம். படித்த பாவம், வீட்டில் யார் எதை வாங்கினாலும் நான்தான் ஆடிட்டர். சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி ராஜபாளையத்துக்குப் போனோம். கடையில் 15-க்கு 15 அங்குல ஹீட் பிரஸ் இரண்டு இருந்தன. ஒன்று 9,000 ரூபாய், மற்றது 12,000. பயல் கண் ஒன்பதில்.

"மாப்ளே, தோசைக்கல் வாங்கினா உங்கக்கா ஓரம் காயுதான்னுதானே பார்ப்பா?" என்று சூடு அளக்கும் கருவியைக் கேட்டு வாங்கிப் பிடித்தேன். மலிவு சரக்கில் நடுவே 190 டிகிரி, மூலையில் 170! படத்தின் ஓரம் வெளுத்துத்தான் விழும்.

இன்னொன்று. ராஜபாளையம் பஞ்சாலை ஊர். பையன்கள் கேட்பதும் பருத்தி பனியன்தான். சப்ளிமேஷன் மை பாலியஸ்டரில்தான் நிற்கும். பருத்தியில் போட்டால், துவைத்ததும் போச்சு. அதற்கு டி.டி.எஃப். ஃபிலிம் வேண்டும். வெளியே அச்சடித்து வாங்கி, 150, 160 டிகிரியில் 15 விநாடி அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். பிரின்டர் செலவு மிச்சம். கரன்ட் 1,400 வாட்ஸுக்கு மேல் இழுக்கும். சாதா பிளக் தாங்காது, 15 ஆம்பியர் பாயின்ட் போட வேண்டும்.

பன்னிரண்டாயிரத்துக்கே பில் போட்டோம். பனியனுக்கு 60 ரூபாய் நின்றால், போட்ட முதல் திரும்ப 200 பனியன்.

"ஆடிப்பூரத் தேருக்கு நம்ம தெருப் பசங்களே முப்பது கேட்டிருக்காங்க அத்தான்!"

"அட்வான்ஸ்?"

"பஸ் வந்திருச்சு அத்தான்" என்றான்.