கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு களையெடுப்பு

(மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை)

முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். பத்தாம் வகுப்பில் இந்தப் பழமொழியை விரித்து எழுதச் சொன்னபோது நானும் ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறேன். அப்போது அதன் பொருள் எனக்குத் தெரியாது. நாலடி நீளமுள்ள ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

"மெக்கானிக்கல் படிக்கிறவன் மீனைப் பத்தி எழுத வந்துட்டான்" என்று நண்பர்கள் சிரிக்க வேண்டாம். சென்னையில் வண்ணமீன் என்றால் கொளத்தூர். அங்கே ஒரு கடையில் கல்லூரி விட்டதும் மாலை ஆறு மணியிலிருந்து ஒன்பதரை வரை வேலை பார்க்கிறேன். அப்பா கோயம்பேட்டில் மூட்டை தூக்குகிறார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். தேர்வுக் கட்டணம், டிராயிங் ஷீட், தங்கச்சிக்கு நோட்டுப் புத்தகம் எல்லாம் இந்த மாலை நேரச் சம்பளத்தில்தான் ஓடுகின்றன. ஆகவே அந்தக் கடையில் ஒரு தொட்டி கெட்டுப்போனால் அது எனக்கும் சொந்தக் கவலை.

கடையில் பெரும்பாலும் நன்னீர் மீன்கள்தான். பின்பக்கம் ஒரே ஒரு உப்புத் தண்ணீர்ப் பகுதி. உப்புத் தொட்டி வளர்ப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. ஒரு லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. எங்கள் தொட்டி சுமார் 250 லிட்டர் என்றால் கிட்டத்தட்ட எட்டே முக்கால் கிலோ உப்பு. தண்ணீர் ஆவியானால் உப்பு ஏறிவிடும். தினமும் நல்ல தண்ணீர் ஊற்றிச் சரிக்கட்ட வேண்டும். வெப்பம் 25, 26 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிநாடுகளில் இப்படிப்பட்ட தொட்டிகளில் உயிருள்ள பவளமே வளர்க்கிறார்கள். நம் நாட்டில் கல் பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு அதற்கும். கடலிலிருந்து எடுப்பதும் குற்றம், விற்பதும் குற்றம். அதனால் எங்கள் தொட்டியில் சிமெண்டில் செய்த பாறைகள், கோமாளி மீன்கள், அவை குடியிருக்கும் பெரிய கடல் சாமந்தி ஒன்று, விசிறி மாதிரி விரியும் குழாய்ப் புழுக்கள், அவ்வளவுதான்.

அழையா விருந்தாளி

கடல் சாமந்தி என்றதும் பூ என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒரு விலங்கு. பாறையில் ஒட்டிக்கொண்டு, வாயைச் சுற்றியுள்ள கொட்டும் இழைகளால் இரை பிடிக்கும். அதில் ஐப்டேசியா என்று ஒரு சிறிய இனம் உண்டு. பழுப்பு நிறத்தில், கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற உடம்போடு, குட்டித் தென்னை மரம் போல நிற்கும். ஏதோ ஒரு நத்தை ஓட்டிலோ கல்லிலோ ஒட்டிக்கொண்டு தொட்டிக்குள் வந்துவிடும். முதலில் ஒன்று. "பார்க்க அழகா இருக்கே" என்று விட்டுவிட்டால் போச்சு.

இது பக்கத்தில் உள்ள அசையாத உயிர்களைக் கொட்டும். வயலில் கோரை மாதிரி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தொட்டால் சட்டென்று பாறைப் பொந்துக்குள் சுருங்கிவிடும். இதன் அடிப்பாகத்திலிருந்து பிய்ந்துபோகும் ஒரு துணுக்கு போதும், அதிலிருந்து புதிதாக ஒரு முழு ஐப்டேசியா வளர்ந்துவிடும். கதைகளில் வருகிற அசுரனின் ரத்தத் துளி மாதிரி, வெட்ட வெட்டப் பெருகும்.

எனக்கு முன்னால் அங்கே வேலை பார்த்தவர் இதைப் பிளேடு வைத்துச் சுரண்டியிருக்கிறார். பாறை சுத்தமானது போலத்தான் தெரிந்ததாம். நான் சேர்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை டார்ச் அடித்து எண்ணினேன். 64 இருந்தன. குழாய்ப் புழுக்களில் பாதி விரிவதையே நிறுத்தியிருந்தன. பெரிய சாமந்தி மூலையில் ஒதுங்கிச் சுருங்கிக் கிடந்தது. கடைக்கார அண்ணன் வெறுத்துப்போய், "தம்பி, இந்த மாசம் பார்ப்பேன். சரியாகலேன்னா உப்புத் தண்ணி பக்கத்தையே மூடிடலாம்னு இருக்கேன்" என்றார். அந்தப் பக்கம் மூடினால் என் வேலையும் மூடிவிடும் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

பிறகு அவரே, "நீதான் படிக்கிற பையனாச்சே. படிச்சுப் பார்த்துச் சொல்லு" என்றார்.

நண்பர்களே, நம்மைப் போன்றவர்களுக்கு இந்த ஒரு வார்த்தை எவ்வளவு கனமானது என்று உங்களுக்குத் தெரியும். படித்தவன் என்றால் கரண்ட் பில்லிலிருந்து மருந்துச் சீட்டு வரை எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று வீட்டில் நினைப்பார்கள். நமக்கோ ஆங்கிலம்தான் பெரிய வில்லன். ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரம், அகராதி ஒரு கையில். பத்து நாள் அப்படித்தான் போனது.

நாலு வழிகள்

முதல் வழி மருந்து. சுண்ணாம்பைக் குழைத்து ஊசியில் எடுத்து ஐப்டேசியாவின் வாயில் விட்டால் அது கரைந்துவிடும். ஒன்றிரண்டுக்கு நல்ல வைத்தியம். 64-க்கும் போட்டால் தண்ணீரின் காரத்தன்மை ஏறி மீன்களுக்கே ஆபத்து. பொந்துக்குள் இருப்பதற்கு ஊசியும் எட்டாது.

இரண்டாவது மீன். நீண்ட மூக்கும் செம்பு நிறப் பட்டைகளும் உள்ள ஒரு வண்ணத்துப்பூச்சி மீன் ஐப்டேசியாவைக் கொத்தித் தின்னும். ஆனால் அது பிடிவாதக்காரன். புது இடத்தில் பலவும் சாப்பாட்டைத் தொடாமலே செத்துப்போகின்றன. சாப்பிட்டாலும் குழாய்ப் புழுவையும் சேர்த்துக் கொத்திவிடும். வேலியே பயிரை மேய்ந்த கதை.

மூன்றாவது பெர்கியா என்ற ஓடில்லாத கடல் நத்தை. இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும். ஐப்டேசியாவைத் தவிர வேறு எதையும் தின்னாது. தின்ற ஐப்டேசியாவின் கொட்டும் செல்களை ஜீரணிக்காமல் தன் முதுகு முடிகளின் நுனியில் சேர்த்து வைத்துக்கொண்டு, தன்னைக் கடிக்க வருகிறவர்களை அதே ஆயுதத்தால் கொட்டும்! எதிரியின் துப்பாக்கியைப் பிடுங்கி வைத்துக்கொள்வது மாதிரி. ஆனால் எங்களுக்கு அது கிடைக்கவில்லை. கிடைத்தாலும் பம்பு இழுத்துக்கொள்ளாமல் காக்க வேண்டும்.

நான்காவது பெப்பர்மின்ட் இறால். விரல் நீளம்கூட இருக்காது. ஊடுருவித் தெரியும் உடம்பில் சிவப்புக் கோடுகள். பகலில் ஒளிந்துகொள்ளும், இரவில் மேயும். சின்ன ஐப்டேசியாக்களை விரும்பித் தின்னும். பொந்துக்குள்ளும் கை விடும். நான் இதைத்தான் சொன்னேன்.

இங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒட்டக இறால் என்று இன்னொன்று உண்டு. அதுவும் சிவப்பு. ஆனால் முதுகில் கூன், பெரிய கண், சிவப்போடு வெள்ளைப் பட்டைகளும் புள்ளிகளும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து வாங்கி வருகிறவர்கள் உண்டு. ஒட்டக இறால் பவளத் தொட்டியில் மென்மையான உயிர்களையே மேய்ந்துவிடும். மொத்த வியாபாரியிடம் போனபோது நான் படம் வரைந்து எடுத்துக்கொண்டு போனேன். மெஷின் டிராயிங் படித்தது வீண் போகவில்லை! ஒவ்வொன்றாகப் பார்த்து ஆறு இறால் எடுத்தோம். விலை என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். அண்ணன் பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது என் வயிற்றைக் கலக்கியது.

ஆறு வாரம்

இறாலைக் கொண்டுவந்து அப்படியே தொட்டியில் கொட்டிவிடக் கூடாது. சிறு குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பழக்கி, பிறகுதான் விட வேண்டும். செம்பு கலந்த மீன் மருந்து ஒரு துளியும் ஆகாது. மீனைப் பிழைக்க வைக்கிற மருந்து இறாலைக் கொன்றுவிடும். பம்பு வாய்க்கு வலை கட்டினேன்.

அடுத்தது சாப்பாடு. மீன்களுக்கு இரண்டு வேளை போட்டதை ஒரு வேளையாக்கி, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுதான் போடச் சொன்னேன். "மீனைப் பட்டினி போடச் சொல்றியா?" என்று அண்ணன் கோபித்தார். "இல்லண்ணா. மிச்சம் விழுந்தா அதைத்தான் ஐப்டேசியா தின்னு வளருது. இறாலுக்கும் சும்மா கிடைக்கிற சாப்பாடு இருந்தா எதுக்கு வேட்டைக்குப் போகும்?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

நான்காம் நாள் காலையில் அண்ணன் போன் செய்தார். "ஒண்ணு செத்துக் கிடக்குடா." ஓடிப்போய்ப் பார்த்தால் அது இறால் இல்லை, இறால் உரித்துப் போட்ட சட்டை! வளர வளர பழைய ஓட்டைக் கழற்றிவிடும். எண்ணிப் பார்த்தோம், ஆறும் இருந்தன.

ஞாயிறுதோறும் எண்ணி நோட்டில் எழுதினேன். முதல் வாரம் 61. மனசு விட்டுப்போனது. இரண்டாம் வாரம் 47. நான்காம் வாரம் 22. ஒருநாள் கடை சாத்தும் முன் விளக்கை அணைத்துவிட்டு, சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சில் பார்த்தேன். ஒரு இறால் பாறை மேல் நின்று, நம் ஊரில் கீரை ஆய்வதைப் போல, ஒரு ஐப்டேசியாவின் இழைகளைக் கிள்ளிக் கிள்ளி வாயில் வைத்துக்கொண்டிருந்தது. ஆறாம் வாரம் எட்டு மிஞ்சின. எல்லாம் பெரியவை, இறால் அவற்றிடம் போகவில்லை. பம்பை நிறுத்திவிட்டு, நாளைக்கு இரண்டாகச் சுண்ணாம்பு ஊசி போட்டு முடித்தேன். குழாய்ப் புழுக்கள் மறுபடி விரிந்தன. உப்புத் தண்ணீர்ப் பகுதி மூடப்படவில்லை.

அப்பா கேட்ட கேள்வி

வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா சந்தோஷப்பட்டார். அப்பா மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எல்லாத்தையும் தின்னு முடிச்சாச்சு. இனிமே அந்த இறாலுக்கு என்னடா சாப்பாடு?" என்று கேட்டார்.

லாரி வந்தால்தான் அவருக்குக் கூலி. வராத நாளில் இல்லை. வேலை முடிந்தவனை யார் நினைத்துப் பார்க்கிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். மறுநாளே இறால்களுக்குத் தனியாக இரவில் தீனி போட ஆரம்பித்தேன். பெர்கியாவுக்கு இதுகூட முடியாது. ஐப்டேசியா தீர்ந்தால் அது பட்டினியால் செத்துவிடும். வேறு தொட்டிக்கு மாற்றித்தான் காப்பாற்ற வேண்டும். ஓர் உயிரை வேலைக்கு அழைத்தால், வேலை முடிந்த பிறகும் அதற்குப் பொறுப்பு நாம்தான்.

இந்த முறை தொட்டிக்கு வெளியேயும் நடக்கிறது. 2008-ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டுபிடிக்கப்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எல்லாவற்றையும் நாசம் செய்தது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து, சோதித்துப் பார்த்து, வயல்களில் விட்டார்கள். மாவுப்பூச்சி அடங்கியது. ஆனால் 1935-ல் ஆஸ்திரேலியாவில் கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று தேரைகளைக் கொண்டுபோய் விட்டார்கள். தேரை வண்டை ஒழிக்கவில்லை; தானே பெருகி, அதைத் தின்ற விலங்குகளை விஷத்தால் கொன்றது. ஒன்றில் குறிப்பிட்ட இரையை மட்டும் தேடும் குளவி. மற்றதில் அகப்பட்டதையெல்லாம் விழுங்கும் தேரை. வித்தியாசம் அங்கேதான். இதே காரணத்தால் தொட்டி உயிரை ஏரியிலோ கடலிலோ கொண்டுபோய் விடவே கூடாது.

இன்னொரு செய்தியும் படித்தேன். நாங்கள் ஒழிக்கப் பாடுபட்ட இதே ஐப்டேசியாவை விஞ்ஞானிகள் ஆய்வுக்கூடங்களில் ஆசையாக வளர்க்கிறார்கள். பவளத்தைப் போலவே இதன் உடம்புக்குள்ளும் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. கடல் சூடானால் பவளம் அந்தப் பாசியை இழந்து வெளுத்துவிடும். நம் மன்னார் வளைகுடாவிலும் 2010, 2016 ஆண்டுகளில் வெளுத்தது. அது ஏன் என்று அறிய, எளிதில் பெருகும் ஐப்டேசியா நல்ல மாதிரி. 2015-ல் இதன் முழு மரபணுத் தொகுதியையும் வெளியிட்டார்கள். எங்கள் தொட்டியில் களை, அங்கே ஆசிரியர்.

நண்பர்களே, பழுது பார்ப்பது நம் தொழில். தேய்ந்த பேரிங்கை மாற்றினால் மட்டும் போதாது, ஏன் தேய்ந்தது என்று பார் என்று நமக்கு ஒர்க்‌ஷாப்பில் சொல்லித் தருகிறார்கள். பிளேடு கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் வெட்டியது. அதிகத் தீனியைக் குறைத்ததும், பசித்த இறாலை விட்டதும், வாராவாரம் எண்ணியதும் சேர்ந்துதான் தொட்டியைக் காப்பாற்றின. உங்கள் வீட்டிலும் தெருவிலும் "நீ படிச்சவன்தானே, பார்த்துச் சொல்லு" என்று கேட்பார்கள். தெரியாது என்று ஒதுங்காதீர்கள். ஒரு நோட்டும் அகராதியும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பாருங்கள்.