ஜாமீன் போட்டவர்கள்



பேச்சுப் போட்டிகளைப் பற்றிப் போன வாரம் எழுதிய பதிவுக்குக் கீழே பழைய மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள்: "டீச்சர், மேடையில திணறுறது அவங்க. வீட்ல உக்காந்து பாக்குற நமக்கு ஏன் டீச்சர் முகம் செத்துப்போகுது?" ஒரு வரியில் பதில் போடப் பார்த்தேன். முடியவில்லை. அதனால்தான் இந்த நீளப் பதிவு. காபியை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

நம் ஊர் அரசியலை எடுத்தால் கமெண்டில் கைகலப்பு வரும். அதோடு, இங்கே எதிரும் புதிருமான தலைவர்கள் ஒரே மேடையில் ஒன்றரை மணி நேரம் நின்று பதில் சொல்லும் வழக்கமும் இல்லை. எனவே அமெரிக்காவுக்குப் போகிறேன். என் தங்கை மகள் பிலடெல்பியா பக்கம் இருக்கிறாள். அவள் வழியாகத்தான் இந்தத் தேர்தல் விவாதப் பைத்தியம் எனக்கும் பிடித்தது. அங்கே இரவு ஒன்பது மணி என்றால் நமக்கு மறுநாள் காலை ஆறரை. வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் சரியாக இருக்கும்.

நம் பட்டிமன்றத்தில் நடுவர் உண்டு. இரண்டு அணியையும் தட்டிக்கொடுத்து, சிரிக்க வைத்து, கடைசியில் தீர்ப்புச் சொல்லி அனுப்புவார். அமெரிக்க விவாதத்தில் நெறியாளர் கேள்வி கேட்பதோடு சரி, தீர்ப்பு கிடையாது. முடிந்த அடுத்த நிமிடம் டிவியில் தெரியும் சொந்தக் கட்சிக்காரர்களின் முகம்தான் தீர்ப்பு.

அப்படி ஒரு முகத்தை 2012-ல் பார்த்தேன். அக்டோபர் 3, டென்வர் பல்கலைக்கழகம். ஒபாமாவும் மிட் ராம்னியும். அன்று ஒபாமாவுக்கு 20-வது திருமண நாள் வேறு. மனைவிக்கு வாழ்த்துச் சொல்லித்தான் ஆரம்பித்தார். நல்லதாகப் போனது அதோடு சரி. ராம்னி பேசப் பேச இவர் தலையைக் குனிந்து ஏதோ குறித்துக்கொண்டே இருந்தார். திரையை இரண்டாகப் பிரித்து இரண்டு முகங்களையும் காட்டினார்கள், அது வேறு கொடுமை. நாட்டு மக்களில் 47 சதவீதம் பேர் அரசாங்கத்தை நம்பி வாழ்கிறவர்கள், அவர்கள் எப்படியும் ஒபாமாவுக்குத்தான் போடுவார்கள் என்று ராம்னி பணக்காரர்கள் கூட்டத்தில் பேசிய வீடியோ இரண்டு வாரம் முன்புதான் வெளியாகி ஊரே சிரித்திருந்தது. தொண்ணூறு நிமிடத்தில் ஒபாமா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. தெரிந்த கேள்விக்குப் பதில் எழுதாமல் பேப்பரைக் கொடுத்துவிட்டு வரும் பிள்ளையைப் பார்த்திருக்கிறீர்களா? கண்காணிப்பாளராக நின்று பார்க்கும் ஆசிரியருக்கு வயிறு எரியும்.

விவாதம் முடிந்ததும் எம்எஸ்என்பிசி தொலைக்காட்சியில் கிறிஸ் மேத்யூஸ், ஒபாமாவை ஆதரித்துப் பேசுகிறவர், இன்றைக்கு ஒபாமா எங்கேதான் போனார் என்று கேட்டுக் கொதித்தார். கேலப் கருத்துக்கணிப்பில் விவாதத்தைப் பார்த்தவர்களில் 72 சதவீதம் பேர் ராம்னிதான் நன்றாகச் செய்தார் என்றார்கள். ஒபாமா என்றவர்கள் 20 சதவீதம்.

என் தங்கை மகளுக்கு அப்போது அங்கே ஓட்டு இல்லை, விசாவில் போனவள். ஆனாலும் மாலை நேரத்தில் கட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து முன்பின் தெரியாதவர்களுக்கு போன் போட்டு ஓட்டுக் கேட்பாள். மறுநாள் அவள் சொன்னது: "போனை எடுக்குறவங்க எல்லாம் என்னையே திட்டுறாங்க பெரியம்மா. நான்தான் மேடையேறிச் சொதப்பின மாதிரி."

மாணவி கேட்ட கேள்விக்கு என் பதில் இதில்தான் இருக்கிறது. கடன் பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் நிலைமை உங்களுக்குத் தெரியும். வாங்கியவன் ஊரில் எங்காவது சௌகரியமாக இருப்பான். கொடுத்தவன் வந்து தட்டுவது ஜாமீன் போட்டவன் வீட்டுக் கதவை. ஒரு வேட்பாளருக்காகப் பேசுகிறவள் தன் சொல்லை ஈடு வைக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரரிடம், அலுவலகத்தில், மாமியாரிடம்கூட, "இவர் பார்த்துக்குவார், நான் சொல்றேன்" என்று சொல்லியிருக்கிறாள். அவர் மேடையில் திணறும்போது இறங்குவது இவளுடைய சொல்லின் விலை. ரசிகனுக்கு வரும் வருத்தம் வேறு. கிரிக்கெட்டில் ஒருவர் டக் அவுட் ஆனால் நம்மிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

அதனால்தான் சாக்குகள் இத்தனை வேகமாக முளைக்கின்றன என்று நினைக்கிறேன். ரேங்க் கார்டு கொடுக்கும் நாளில் பெற்றோர் சொல்லாத காரணமா? "அன்னிக்கு ஜுரம் டீச்சர்", "பக்கத்து வீட்ல மைக் செட்டு டீச்சர்". டென்வர் விவாதத்துக்கு மறுபேச்சாக அல் கோர் சொன்ன காரணம் ஊரின் உயரம். டென்வர் கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி. ஒபாமா அன்று மதியம்தான் வந்து இறங்கினார், காற்று மெல்லியது, உடம்பு பழகவில்லை என்றார். ஊட்டி ஏழாயிரம் அடிக்கு மேல். அங்கே போட்டிக்குப் போகும் நம் சமவெளிப் பிள்ளைகள் எல்லாம் மேடையில் மயங்கி விழ வேண்டும்! முன்னாள் துணை ஜனாதிபதி ஒருவர் தொலைக்காட்சியில் உட்கார்ந்து இதைச் சொன்னார் என்பதை இன்றும் என்னால் நம்ப முடியவில்லை.

1984-லும் இதே கதைதான். லூயிவில் நகரில் நடந்த முதல் விவாதத்தில் 73 வயது ரீகன் தடுமாறினார்.  பயிற்சி கொடுத்தவர்கள் புள்ளிவிவரத்தைத் திணித்துக் கெடுத்துவிட்டார்கள் என்று அவருடைய ஆட்கள் பழியைக் கோச்சுகள் மேல் போட்டார்கள். இரண்டு வாரம் கழித்துக் கன்சாஸ் சிட்டியில் வயதைப் பற்றிக் கேள்வி வந்ததும், எதிராளியின் இளமையையும் அனுபவமின்மையையும் நான் தேர்தலுக்குப் பயன்படுத்த மாட்டேன் என்று ஒரு போடு போட்டார். எதிராளி மாண்டேலே சிரித்துவிட்டார். ரீகன் 49 மாநிலங்களில் ஜெயித்தார்.

ஒபாமாவும் மீண்டார். டென்வருக்கு முன் நெவாடாவில் பயிற்சி நடந்தபோது, வீட்டுப்பாடம் செய்யச் சொல்லிப் படுத்துகிறார்கள் என்று கட்சித் தொண்டர் ஒருவரிடம் போனில் விளையாட்டாகச் சொன்னவர், நடுவே ஹூவர் அணையைச் சுற்றிப் பார்க்கவும் போனவர், அடி வாங்கிய பிறகு ஒழுங்காகப் படித்தார். அக்டோபர் 16 அன்று ஹோஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழகத்தில் வேறு ஆளாக வந்து நின்றார். அந்த 47 சதவீதத்தைக் கடைசிப் பதிலில் கொண்டுவந்து வைத்தார், ராம்னி திரும்பிப் பேச வாய்ப்பில்லாத இடத்தில். நவம்பரில் 332-க்கு 206 என்று ஜெயித்தார். மேத்யூஸ் போன்றவர்கள் அன்றிரவு பூசி மெழுகியிருந்தால் இந்தத் திருத்தம் இவ்வளவு சீக்கிரம் நடந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

சரி, 2024-க்கு வருகிறேன். பதிவு நீளக் காரணமே அதுதான்.

ஜூன் 27, அட்லாண்டாவில் சிஎன்என் ஸ்டுடியோ. பார்வையாளர்கள் இல்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் மைக்கை அணைத்துவிடுவார்கள். தேர்தல் விவாதம் வழக்கமாகச் செப்டம்பரில்தான் தொடங்கும். முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாம் என்று அழைத்ததே பைடன் தரப்புதான். ஏறக்குறைய ஒரு வாரம் கேம்ப் டேவிட்டில் உட்கார்ந்து தயார் செய்தார்கள். சுமார் 5 கோடிப் பேர் பார்த்தார்கள். குரல் கம்மியிருந்தது. பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் ஒரு பதிலின் நடுவில் நூல் அறுந்து, கடைசியில் மெடிகேரைத் தோற்கடித்துவிட்டோம் என்று முடித்தார். மெடிகேர் என்பது அங்கே முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு, அவருடைய கட்சியே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் திட்டம். எதிரில் ட்ரம்ப் உண்மைக்கு மாறாகச் சொன்னவற்றை எண்ணினால் முப்பது வரும் என்று சிஎன்என்னே பிறகு சொன்னது. யார் கேட்டார்கள்? எல்லோர் கண்ணும் இந்த 81 வயது மனிதர் மேல்தான்.

நான் இவளுக்கு போன் போடவில்லை. அவளே போட்டாள். அங்கே நள்ளிரவு. "2012-ல கோவம் வந்துச்சு பெரியம்மா. இன்னிக்குக் கோவமே வரல. பயமா இருந்துச்சு. தாத்தா கடைசி வருஷம் பேங்க் பாஸ்புக்க வச்சுக்கிட்டு முழிச்சார்ல, அந்த ஞாபகம் வந்துடுச்சு." தாத்தா என்றது என் அப்பாவை. எனக்கும் பேச்சு வரவில்லை.

சளி என்றார்கள், விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே. பிறகு வெளிநாட்டுப் பயணக் களைப்பு என்று அவரே சொன்னார். மறுநாள் ராலே கூட்டத்தில் எழுதி வைத்த உரையைக் கணீரென்று பேசிக் காட்டினார். விவாதங்களில் மோசமான இரவுகள் வரும், எனக்குத் தெரியும் என்று ஒபாமா எழுதினார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் நாற்பது பேர் வகுப்பில் முப்பத்திரண்டு வருடம் நின்றவளுக்கு அந்த ஒப்பீடு ஒட்டவில்லை. தெரிந்ததை எழுதாமல் வந்த பிள்ளைக்கு மறுதேர்வு வைக்கலாம். கரும்பலகையே கண்ணுக்குத் தெரியாத பிள்ளையை எத்தனை முறை எழுதச் சொன்னாலும் பலகை தெரியப்போவதில்லை. அந்தப் பிள்ளைக்கு என்ன தேவை என்று பார்க்க வேண்டும்.

விவாதம் முடிந்து ஆதரவாளர் கூட்டத்தில் ஜில் பைடன், ஜோ, எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னீர்கள் என்று மைக்கில் பாராட்டினார். அந்தம்மாவும் நம்மைப் போல ஆசிரியைதான், அப்போதும் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவர். மனைவி அப்படித்தான் சொல்வாள், அதில் நான் குறை காண மாட்டேன். ஆனால் கூட்டத்தில் நின்றவர்களின் நிலைமையை யோசித்தேன். மாவட்டப் போட்டியில் மூன்றாவது நிமிடம் மறந்துபோய் நின்ற நம் பள்ளிப் பெண் ஒருத்தி, வேனில் திரும்பும்போது வந்த ஆசிரியை "நல்லாத்தான் பேசினே" என்று சொன்ன பிறகுதான் ஓவென்று அழுதாள். அதுவரை அழவில்லை. "பாரதி பத்திச் சொல்ல ஆரம்பிச்சப்ப விட்டுட்ட, அதுவரைக்கும் சரி" என்றேன். அழுகை நின்று, "முன்வரிசையில ஒருத்தர் எழுந்து போனார் டீச்சர்" என்றாள். அதன் பிறகு ஊர் வரும்வரை பேசிக்கொண்டே வந்தாள்.

என் தங்கை மகளுக்கு உண்மையாகவே கோபம் வந்தது ஒரு வாரம் கழித்து. ஜூலை 5 அன்று ஏபிசி பேட்டியில், தோற்றுவிட்டால் எப்படி உணர்வீர்கள் என்று கேட்டார்கள். என்னால் முடிந்த அளவுக்கு உழைத்தேன் என்றால் போதும் என்கிற பொருளில் பைடன் பதில் சொன்னார். "ஸ்போர்ட்ஸ் டேல தோத்த பிள்ளைக்கு நீங்க சொல்வீங்களே பெரியம்மா, கலந்துக்கிட்டதே வெற்றின்னு, அது மாதிரி. அவர் முடிஞ்சதச் செஞ்சா அவருக்குப் போதும். எனக்குப் போதாதே. நான் மே மாசம் பூரா வீடு வீடாப் போய், வயசு ஒரு பிரச்சனையே இல்ல, நான் கியாரண்டின்னு சொல்லிருக்கேன்."

விவாதத்துக்கும் விலகலுக்கும் நடுவே 24 நாள். ஜூலை 21 அன்று விலகினார், கமலா ஹாரிஸை முன்மொழிந்தார். துளசேந்திரபுரத்தில் பூஜை நடந்ததெல்லாம் நீங்கள் பார்த்ததுதான், அதற்குள் போகவில்லை. நவம்பரில் பென்சில்வேனியாவும் போயிற்று, தேர்தலும் போயிற்று.

ஆகஸ்டில் இவள் அதே தெருக்களுக்குத் திரும்பப் போனாள். வேறு தெரு கேட்டு வாங்கியிருக்கலாம், கேட்கவில்லை. மே மாதம் உட்கார வைத்து ஜூஸ் கொடுத்த ஒரு வயதான அம்மா இந்த முறை கதவைப் பாதிதான் திறந்தாராம். "அவர் இப்படி இருக்கார்னு உனக்கு அப்பவே தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார். "தெரியாது. நீங்க பார்த்த அன்னிக்குத்தான் நானும் பார்த்தேன். அன்னிக்கு ராத்திரி நான் தூங்கல" என்றாளாம் இவள். அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நோட்டீஸை வாங்கிக்கொண்டார். ஓட்டை யாருக்குப் போட்டார் என்று தெரியாது. ஜூஸ் கொடுக்கவில்லை.

அமெரிக்காவில் இருக்கும் என் மாணவிகளில் ட்ரம்புக்குப் போட்டவர்களும் உண்டு, எனக்குத் தெரியும். நீங்களும் எழுதுங்கள். சண்டை வேண்டாம், கெட்ட வார்த்தை வந்தால் நீக்கிவிடுவேன்.